தொகுதி மறுவரையறை: கோட்டாற்றிலிருந்து சில கேள்விகள்

தொகுதி மறுவரையறை பற்றிப் பேசாத அரசியல் மேடை 2025 இல் தமிழ்நாட்டில் இருக்கவில்லை. மார்ச் 5 அன்று சென்னையில் அனைத்துக் கட்சிக் கூட்டம் நடந்தது. அதே மாதம் 22 அன்று கேரளம், தெலங்கானா, பஞ்சாப் முதல்வர்களும் கர்நாடகத் துணை முதல்வரும் சென்னைக்கு வந்து கூட்டு நடவடிக்கைக் குழுவாக அமர்ந்து பேசினார்கள். கோட்டாறு கம்போளத்து டீக்கடை வரைக்கும் அந்தப் பேச்சு வந்து சேர்ந்துவிட்டது. "நமக்கு எட்டு எம்.பி. போயிருமாம்" என்கிறார் ஒருவர். "வடக்க உள்ளவன் பெத்துப் போடுதான், அவனுக்கு சீட்டு கூடுது" என்கிறார் இன்னொருவர்.

நாங்கள் கோட்டாற்றையும் அதைச் சுற்றியுள்ள காலனிகளையும் மையமாக வைத்து வேலை செய்கிற சிறு குழு. எல்லோருக்கும் முப்பது சொச்சம் வயது. சமூகவியல் முதுகலை படித்துவிட்டு, படித்ததைக் காலனித் தெருக்களில் உரசிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். சாதிச் சான்றிதழ், கல்வி உதவித்தொகை, பட்டா, சுடுகாட்டுப் பாதை இவைதான் எங்கள் அன்றாட வேலை. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் இளைஞர்களோடு உட்கார்ந்து அரசியலமைப்புச் சட்டம் படிக்கிறோம். சென்ற மாதம் அங்கே தொகுதி மறுவரையறையைப் பேச எடுத்தோம். தூய்மைப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் அக்கா வழக்கமாக எங்கள் கூட்டத்துக்கு வருவார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "எம்.பி. கொறஞ்சா நமக்கென்ன மக்கா? இருந்தப்ப மட்டும் நம்ம வீட்டுக்கு வந்தாவளா?" என்றார்.

அவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டுரை அதற்கான முயற்சிதான்.

முதலில் கணக்கைப் புரிந்துகொள்வோம். மக்களவையில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் மக்கள்தொகைக்கு ஏற்ற இடங்கள் இருக்க வேண்டும், அந்த விகிதம் எல்லா மாநிலங்களுக்கும் இயன்றவரை ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 81 ஆவது பிரிவு. 60 லட்சத்துக்கு மேற்படாத மக்கள்தொகை கொண்ட சிறு மாநிலங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஒவ்வொரு கணக்கெடுப்புக்குப் பிறகும் இடங்களை மறுபடி பங்கிட வேண்டும் என்கிறது 82 ஆவது பிரிவு. 1976 இல், நெருக்கடி நிலைக் காலத்தில், 42 ஆவது திருத்தம் இந்தப் பங்கீட்டை 1971 கணக்கெடுப்போடு நிறுத்தி வைத்தது. 2001 இல் 84 ஆவது திருத்தம் அந்த நிறுத்தத்தை 2026 க்குப் பிறகு வரும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1 ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடக்கும் என்று அறிவித்துவிட்டார்கள். ஆக, பூட்டு திறக்கும் நேரம் வந்துவிட்டது.

திறந்தால் என்ன ஆகும்? 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 7.21 கோடிப் பேர், உத்தரப் பிரதேசத்தில் 19.98 கோடி, பீகாரில் 10.41 கோடி, கேரளத்தில் 3.34 கோடி. மொத்த இடங்களை இப்போதுள்ள 543 ஆகவே வைத்து மக்கள்தொகைப்படி பங்கிட்டால் தமிழ்நாட்டின் 39 ஏறத்தாழ 32 ஆகும். கேரளத்தின் 20, 15 ஆகும். உத்தரப் பிரதேசத்தின் 80 ஏறத்தாழ 90 ஆகும். பீகாரின் 40, 46 ஐத் தாண்டும். புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் மக்களவைக்கு 888 இருக்கைகள் போட்டிருக்கிறார்கள். இடங்களைக் கூட்டி எல்லோருக்கும் கொடுத்தாலும், பங்கு என்று பார்த்தால் தெற்கின் பங்கு குறையத்தான் செய்யும்.

தமிழ்நாட்டின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. இந்த மாநிலத்துக்கு இது புதிதும் இல்லை. 1962 தேர்தலில் நமக்கு 41 இடங்கள் இருந்தன. 1961 கணக்கெடுப்புக்குப் பிறகு நடந்த மறுவரையறையில் இரண்டு போய், 1967 முதல் 39 தான். ஒன்றிய அரசு சொன்னபடி மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலம் அதற்காகவே இடங்களை இழப்பது எந்த ஊர் நியாயம்?

ஆனால் "கட்டுப்படுத்திய மாநிலம்" என்று சொல்லும்போது அதைச் செய்தவர்கள் யார் என்றும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் குடும்பக் கட்டுப்பாடு என்றால் பெரும்பாலும் பெண்கள் செய்துகொண்ட கருத்தடை அறுவைச் சிகிச்சைதான். எங்கள் காலனிகளில் நாற்பது வயதைத் தாண்டிய பெண்களிடம் பேசினால், இரண்டாவது பிள்ளை பிறந்த கையோடு ஆபரேஷன் செய்துகொண்ட கதை வீட்டுக்கு வீடு இருக்கிறது. முகாமில் வரிசையில் படுத்தவர்கள் அவர்கள். இன்று "நாங்கள் சாதித்தோம்" என்று மேடையில் பேசுபவர்களில் அவர்கள் இல்லை. தமிழ்நாட்டின் 39 இடங்கள் அந்தப் பெண்களின் உடம்பில் நின்று காப்பாற்றப்பட வேண்டியவை என்றால், அவற்றில் அவர்களுக்கு என்ன பங்கு என்று கேட்பது தவறா?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். "பெத்துப் போடுதான்" என்ற பேச்சு எங்களுக்குக் கூசுகிறது. அது நமக்குப் பழக்கமான குரல். நம் தெருக்களைப் பார்த்து ஆதிக்கச் சாதியினர் காலங்காலமாகச் சொல்லி வந்த வார்த்தை அது. 2011 கணக்கின்படி பீகாரில் ஒரு மக்களவை உறுப்பினர் 26 லட்சம் பேருக்குப் பொறுப்பு. தமிழ்நாட்டில் 18.5 லட்சம் பேருக்கு. பீகாரில் வயல் எலி பிடித்துத் தின்று உயிர் வாழ்ந்த முசாகர் மக்களின் ஒரு வாக்குக்கு நம் வாக்கைவிட மதிப்பு குறைவு என்பதுதான் இதன் பொருள். ஒருவருக்கு ஒரு வாக்கு, ஒவ்வொரு வாக்குக்கும் ஒரே மதிப்பு என்பதை 1949 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எடுத்துச் சொன்னவர் அண்ணல் அம்பேத்கர். அதைச் சென்னைக்கு ஒரு மாதிரி, பாட்னாவுக்கு ஒரு மாதிரி நாம் படிக்க முடியாது.

அப்படியானால் தலையை எண்ணிப் பங்கிட்டுவிடலாமா? அதுவும் முடியாது. தலையை மட்டும் எண்ணினால் சிறுபான்மை என்றைக்கும் தோற்கும் என்பதை வாழ்நாள் முழுக்கச் சொன்னவரும் அதே அம்பேத்கர்தான். 1945 மே மாதம் பம்பாயில் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு மாநாட்டில் அவர் ஒரு திட்டம் வைத்தார். எந்தப் பெரும்பான்மைச் சமூகத்துக்கும் சட்டமன்றத்தில் தனித்து ஆளும் அளவுக்கு இடம் இருக்கக் கூடாது. மத்திய சட்டமன்றத்தில் இந்துக்களுக்கு 40 விழுக்காட்டுக்கு மேல் வேண்டாம். அவர்களிடமிருந்து எடுக்கும் இடங்களைச் சிறுபான்மையினருக்கு, யார் அதிகம் பின்தங்கியிருக்கிறார்களோ அவர்களுக்கு அதிகம் என்ற முறையில், பிரித்துக் கொடுக்க வேண்டும். பத்து ஆண்டு கழித்து, 1955 இல், மொழிவழி மாநிலங்கள் பற்றி எழுதியபோது வடக்கு ஒரே கட்டியாகவும் தெற்கு துண்டு துண்டாகவும் ஆவதன் ஆபத்தை எச்சரித்தார். உத்தரப் பிரதேசத்தை மூன்றாகவும் பீகாரையும் மத்தியப் பிரதேசத்தையும் இரண்டிரண்டாகவும் பிரிக்கச் சொன்னார். மாநில மறுசீரமைப்பு ஆணையத்தில் இருந்த கே.எம். பணிக்கரும் உத்தரப் பிரதேசம் இவ்வளவு பெரிதாக இருக்கக் கூடாது என்று தனிக் குறிப்பு எழுதினார். இன்றைக்குத் தமிழ்நாடு கேட்பதற்கான வாதம் எழுபது ஆண்டுக்கு முன்பே அம்பேத்கரிடம் இருந்தது. மாநிலக் கட்சிகள் அதை எடுத்துப் பேசக் காணோம்.

காரணம் இருக்கலாம். அதே நூலில் அவர் இன்னொன்றையும் சொல்கிறார். ஒரு மொழி பேசும் மாநிலத்துக்குள் ஒரு பெரிய சாதி எண்ணிக்கையால் ஆதிக்கம் செய்யும். அங்கே சிறிய சாதிகளுக்கும் தீண்டப்படாதவர்களுக்கும் பாதுகாப்பு வேண்டும் என்கிறார். டெல்லியைப் பார்த்துக் கேட்கும் கேள்வியைச் சென்னையைப் பார்த்தும், நாகர்கோவிலைப் பார்த்தும் கேட்க வேண்டும் என்பது இதன் பொருள்.

நம் மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2006 தேர்தல் வரை கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏழு சட்டமன்றத் தொகுதிகள். 2008 மறுவரையறையில் திருவட்டாறு காணாமல் போய் ஆறு ஆனது. அப்போது மாநிலங்களுக்கு இடையிலான பங்கு பூட்டியே இருந்தது. மாநிலத்துக்குள்ளே மட்டும் 2001 கணக்கெடுப்பைக் கொண்டு எல்லைகளை மாற்றினார்கள். மொத்தம் 234 என்பது மாறவில்லை. எனவே மக்கள்தொகை வேகமாகக் கூடிய இடங்களுக்கு இடம் கூடியது, மெதுவாகக் கூடிய இடங்களில் குறைந்தது. சென்னை மாவட்டத்துக்கு 14 இருந்தது 16 ஆனது. எழுத்தறிவில் முன்னால் நிற்கும், பிறப்பு விகிதத்தை முன்பே குறைத்துக்கொண்ட குமரி மாவட்டம் ஒன்றை இழந்தது. டெல்லி தமிழ்நாட்டுக்குச் செய்யப் போவதாக நாம் சொல்கிற அதே காரியம்தான். அதற்காக எந்த அனைத்துக் கட்சிக் கூட்டமும் நடக்கவில்லை.

பெரிய மாநிலம் ஒன்றின் ஓரத்தில் சிறிய எண்ணிக்கையாக இருப்பதன் வலி இந்த ஊருக்குத் தெரியாததல்ல. திருவிதாங்கூர்-கொச்சிக்குள் தமிழர்கள் சிறுபான்மையாக இருந்த காலத்தில்தான் நேசமணி தலைமையில் போராட்டம் நடந்தது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. எண்ணிக்கை குறைவு என்பதற்காக எங்கள் குரலை அமுக்காதே என்று சொல்லிப் போராடிச் சேர்ந்த மாவட்டம் இது.

இப்போது அதே மாவட்டத்துக்குள்ளே தலித்துகளின் நிலை என்ன? 2011 கணக்கின்படி 18.70 லட்சம் பேரில் பட்டியல் சாதியினர் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பேர். மாநிலத்தில் நூற்றுக்கு இருபது. தனித்தொகுதிகளைப் பட்டியல் சாதியினர் ஒப்பீட்டளவில் அதிகமாக வாழும் பகுதிகளில்தான் ஒதுக்க வேண்டும் என்பது மறுவரையறைச் சட்டம். ஆகவே இங்கே ஆறில் ஒன்றுகூடத் தனித்தொகுதி இல்லை. ஆறும் சேர்ந்த மக்களவைத் தொகுதியும் பொதுத்தொகுதி. சாம்பவரும் அருந்ததியரும், மலைமேல் வாழும் காணி மக்களும் எந்தச் சட்டமன்ற உறுப்பினருக்கும் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் எண்ணிக்கை இல்லை.

இதன் பொருள் என்ன என்பதை ஓர் அனுபவத்தில் சொல்கிறோம். ஒரு காலனியின் சுடுகாட்டுப் பாதையை அடைத்துவிட்டார்கள். மழைக்காலத்தில் பிணத்தைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் கரையில் சறுக்கிச் சறுக்கி நடக்க வேண்டும். மனுவோடு மக்கள் பிரதிநிதி ஒருவரைப் பார்க்கப் போனோம். உள்ளே விடுவதற்கு முன் அவருடைய உதவியாளர் மனுவை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "அங்க எத்தன ஓட்டு இருக்கு?" கூட வந்த பெரியவர் உண்மையைச் சொன்னார்: "அறுபத்திரண்டு." மனு மேசைமேல் இருந்த கட்டுக்குள் போனது. அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. பாதை இன்னும் திறக்கவில்லை.

எண்ணிக்கை குறைந்தால் குரல் குறையும் என்று தமிழ்நாடு இன்று அஞ்சுகிறதே, அந்த அச்சத்தில்தான் நம் ஆட்கள் நாள்தோறும் வாழ்கிறார்கள்.

அந்த நான்கு விழுக்காடும் இயற்கையாக வந்த எண் இல்லை. மாவட்டத்தில் ஏறத்தாழப் பாதிப்பேர் கிறிஸ்தவர்கள். சவேரியார் பேராலயம் இருக்கிற இந்தக் கோட்டாற்றைச் சுற்றியும் மேற்கேயும் சாம்பவக் கிறிஸ்தவர்கள் ஊர் ஊராக இருக்கிறார்கள். 1950 ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956 இல் சீக்கியர்களையும் 1990 இல் பௌத்தர்களையும் சேர்த்தது. கிறிஸ்தவத் தலித்துகள் இன்றும் வெளியே. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில். ஒரே காலனி, ஒரே குலம், அண்ணன் தம்பி வீடு. ஒருவர் பட்டியல் சாதி, ஒருவர் இல்லை. தீண்டாமை இரண்டு வீட்டு வாசலிலும் நிற்கிறது, கணக்கெடுப்பில் மட்டும் ஒரு வீடு விட்டுப்போகிறது. யாரை எண்ணுவது என்பதை அரசு முடிவு செய்துவிட்டு, பிறகு "உங்கள் எண்ணிக்கை போதாது" என்றும் சொல்கிறது.

இனி முக்கியமான கேள்வி. மாநிலத்தின் இடங்கள் கூடினாலோ குறைந்தாலோ தனித்தொகுதிகளுக்கு என்ன ஆகும்? 330 ஆவது பிரிவின்படி, ஒரு மாநிலத்தின் மக்களவை இடங்களில் பட்டியல் சாதியினருக்கான பங்கு அந்த மாநில மக்கள்தொகையில் அவர்களின் பங்குக்கு இயன்றவரை சமமாக இருக்க வேண்டும். இன்று தமிழ்நாட்டின் 39 இல் 7 தனித்தொகுதிகள். 2011 கணக்கின்படி நாம் 20 விழுக்காடு என்பதால் 39 இல் 8 வர வேண்டும். 39 என்பது 32 ஆகிவிட்டால் 6 தான் வரும். ஓய்வு பெற்ற அக்காவின் கேள்விக்கு இதுதான் முதல் பதில்: மாநிலம் இழந்தால் நாமும் இழக்கிறோம்.

ஆனால் மாநிலக் கட்சிகள் கேட்பதுபோல் எல்லாவற்றையும் இன்னும் 25, 30 ஆண்டுகளுக்கு 1971 இலேயே நிறுத்தினாலும் நமக்கு இழப்பு உண்டு. 1976 இல் போட்ட பூட்டு தனித்தொகுதிகளின் எண்ணிக்கையையும் சேர்த்தே பூட்டியது. 2008 இல் 2001 கணக்கெடுப்பின்படி திருத்தியபோதுதான் நாடு முழுதும் பட்டியல் சாதியினருக்கு 79 இருந்தது 84 ஆனது, பழங்குடியினருக்கு 41 இருந்தது 47 ஆனது. அதுவரை முப்பது ஆண்டுக் காலம் அந்த இடங்களில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். இப்போதும் அதேதான். தமிழ்நாடு சட்டமன்றத்தில் 234 இல் நமக்கு 44. இருபது விழுக்காட்டுக் கணக்கில் 47 வர வேண்டும். மாநிலத்தின் உரிமை என்ற பெயரில் இந்த மூன்றையும் மறந்துவிடச் சொல்கிறார்களா?

மகளிர் இடஒதுக்கீடும் இதோடு கட்டப்பட்டிருக்கிறது. 2023 இல் வந்த 106 ஆவது திருத்தம் மூன்றில் ஒரு பங்கை, தனித்தொகுதிகளுக்குள்ளும் சேர்த்து, பெண்களுக்குக் கொடுக்கிறது. ஆனால் அடுத்த கணக்கெடுப்பும் மறுவரையறையும் முடிந்த பிறகுதான். மறுவரையறை தள்ளிப்போனால் தலித் பெண்களின் இடமும் தள்ளிப்போகிறது.

அமெரிக்காவில் செனட் சபையில் கலிபோர்னியாவுக்கும் இரண்டு, வயோமிங்குக்கும் இரண்டு. அதுபோல மாநிலங்களவையில் எல்லா மாநிலத்துக்கும் சம இடம் கொடுத்துவிடலாம் என்று படித்தவர்கள் சிலர் சொல்கிறார்கள். இன்று அங்கே உத்தரப் பிரதேசத்துக்கு 31, தமிழ்நாட்டுக்கு 18. சமமாக்குவது மாநிலங்களுக்கு நல்லதாக இருக்கலாம். ஆனால் மாநிலங்களவையில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடஒதுக்கீடே கிடையாது என்பதை அவர்களில் ஒருவரும் சொல்லக் கேட்டதில்லை. நமக்கு நாற்காலி இல்லாத அவையைப் பலப்படுத்துவதற்கு முன் அங்கே நாற்காலி போடுங்கள்.

தென்காசி வழக்கையும் நினைவுபடுத்த வேண்டும். 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதிகள் என். கிருபாகரன், பி. புகழேந்தி அமர்வு, 1967 இல் இழந்த இரண்டு இடங்களுக்காகத் தமிழ்நாட்டுக்கு 5,600 கோடி ரூபாய் இழப்பீடு ஏன் தரக் கூடாது என்று கேட்டது. அந்தச் செய்தியை எல்லோரும் கொண்டாடினார்கள். ஆனால் அந்த வழக்கு எதற்காகப் போடப்பட்டது? தென்காசி மக்களவைத் தனித்தொகுதியைப் பொதுத்தொகுதி ஆக்கச் சொல்லி. நீதிமன்றம் அந்தக் கோரிக்கையைத் தள்ளிவிட்டது. மாநிலம் இழந்த இரண்டு இடங்களைப் பற்றிய புகழ்பெற்ற கேள்வி, தலித்துகளிடம் இருக்கும் ஓர் இடத்தைப் பறிக்க வந்த வழக்கில் பிறந்தது என்பதை எத்தனை பேர் அறிவார்கள்?

தனித்தொகுதி கிடைத்தாலே எல்லாம் கிடைத்துவிடும் என்று நாங்கள் நம்பவில்லை. 1932 செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தத்தில் தனி வாக்காளர் தொகுதியை விட்டுக்கொடுத்த நாளிலிருந்து, நம் பிரதிநிதியையும் மற்றவர்களின் வாக்குத்தான் தீர்மானிக்கிறது. மேலவளவில் ஊராட்சித் தலைவர் பதவி தனிப்பதவி ஆனதும் என்ன நடந்தது என்று தெரியும். 1997 ஜூன் 30 அன்று தலைவர் முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். நாற்காலிக்கே இவ்வளவு எதிர்ப்பு என்றால், நாற்காலியே இல்லாத இடத்தில் நம் நிலை என்ன என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே நாங்கள் கேட்பது இவைதான். மாநிலங்களுக்கு இடையிலான பங்கு இன்றுள்ளபடியே தொடரட்டும். தமிழ்நாட்டின் இந்தக் கோரிக்கையோடு நாங்கள் நிற்கிறோம். ஆனால் மாநிலங்களுக்குள்ளே பட்டியல் சாதி, பழங்குடி இடங்களைப் புதிய கணக்கெடுப்பின்படி திருத்த வேண்டும். 2008 இல் செய்தது இதைத்தான், எனவே முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. மகளிர் இடஒதுக்கீட்டை மறுவரையறையிலிருந்து அவிழ்த்து இப்போதே நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். மாநிலங்களவையில் இடஒதுக்கீடு வேண்டும். 1950 ஆணையில் உள்ள மதத் தடையை நீக்க வேண்டும். தலித்துகள் சிதறி வாழும் எங்களைப் போன்ற மாவட்டங்களுக்கு, எண்ணிக்கையைக் காட்டிக் கைவிரிக்காத ஒரு பிரதிநிதித்துவ முறையைப் பற்றி மாநில அரசு பேசத் தொடங்க வேண்டும்.

வடக்கே இருக்கும் தலித்துகளோடு இடத்துக்குப் போட்டி போட நமக்கு விருப்பம் இல்லை. அவர்களுடைய வாக்கின் மதிப்பு குறைந்திருப்பதற்கு அம்பேத்கர் சொன்ன வழி பெரிய மாநிலங்களைப் பிரிப்பது. அந்தக் கோரிக்கையை அங்கே எழுப்புகிறவர்களோடு இங்கிருந்தே நாம் பேச முடியும்.

அக்காவிடம் அடுத்த ஞாயிறு இதையெல்லாம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். "அப்பம் நம்ம கேக்கதையும் அந்தத் தீர்மானத்துல எழுதச் சொல்லுங்க" என்றார். அதைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறோம். மாவட்டத்தில் உள்ள எல்லாக் கட்சி அலுவலகங்களுக்கும் இந்தக் கோரிக்கைகளை மனுவாகக் கொடுக்கப் போகிறோம். முதல் கையெழுத்து அக்காவுடையது. உங்கள் மாவட்டத்திலும் கொடுங்கள். எத்தனை ஓட்டு என்று கேட்டால், தமிழ்நாட்டுக்கு எத்தனை எம்.பி. என்று திருப்பிக் கேளுங்கள்.

ஜெய் பீம்.